'சிவப்பு எச்சரிக்கை' என்றால் எத்தனை மில்லிமீட்டர்? மூணாறு மழைச் செய்திகளைப் பற்றி ஒரு கேள்வி

கொழுந்துக்கூடை (மூணாறு)

2025-ல் பருவமழை மே 24-ஆம் தேதியே கேரளத்துக்குள் வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம் என்ற புதிய வானிலை மாதிரியை மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம் உருவாக்கியது. அதுவரை 12 கி.மீ. கட்டங்களாகப் பார்த்த நாட்டை இனி 6 கி.மீ. கட்டங்களாகப் பார்க்கும். நல்ல வேலை, எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் பார்த்த செய்திகளெல்லாம் இனிமேல் ஊர் ஊராக மழை தெரிந்துவிடும் என்ற தோரணையில் முடிந்துபோயின. மலையில் 6 கி.மீ. என்றால் என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அந்த ஒரு கட்டத்துக்குள் ஒரு மலைமுடி, அதற்கு இந்தப்பக்கம் ஒரு பள்ளத்தாக்கு, அந்தப்பக்கம் இன்னொன்று, இடையில் ஏழெட்டு லயன்கள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) எல்லாமே அடங்கிவிடும்.

சரி, மாதிரியை விடுங்கள். வானிலை மையத்திலிருந்து தினமும் வருகிற மழை எச்சரிக்கை நிறத்தைப் பற்றித்தான் கேட்க வந்தேன். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.-லிருந்து 115.5 வரை மஞ்சள். 115.6-லிருந்து 204.4 வரை ஆரஞ்சு. அதற்கு மேல் சிவப்பு. சிவப்புக்கு மேல்வரம்பு கிடையாது. 210 பெய்தாலும் சிவப்பு, 600 பெய்தாலும் சிவப்பு.

2020 ஆகஸ்ட் 6 அன்று மூணாறை அடுத்த பெட்டிமுடிப் பக்கம் ஒரே நாளில் பெய்தது 600 மி.மீ.க்கும் மேல். சிவப்பின் தொடக்கக் கோட்டைப்போல மூன்று மடங்கு. அன்றைக்கு இரவு பத்தே முக்கால் வாக்கில் மலை இறங்கி நான்கு லயன்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். நால்வரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை.

பேப்பரிலும் டிவியிலும் நிறம் மட்டும் போடுகிறார்கள். எத்தனை மில்லிமீட்டர் என்று ஏன் போடுவதில்லை? நேற்று பெய்தது எவ்வளவு, ஒரு வாரத்தில் சேர்ந்தது எவ்வளவு என்று ஏன் சொல்வதில்லை? செய்தித்துறையில் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

மறையூர்க்காரன்

அக்கா, எங்கள் கஷ்டம் இதற்கு நேர் எதிர். நானும் இதே இடுக்கி மாவட்டம்தான். ஆனால் மறையூர், காந்தலூர், சின்னாறு எல்லாம் மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை மூணாறு முகட்டோடு நின்றுவிடும், எங்களுக்குக் காற்றுதான் வரும். சின்னாறில் வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 500 மி.மீ.தான், அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். நீங்கள் சொல்கிற பெட்டிமுடியின் ஒரு நாள் மழை எங்கள் ஒரு வருஷத்து மழையைவிட அதிகம். ஜீப்பில் போனால் இரண்டுக்கும் நடுவே அதிக தூரம்கூட இல்லை.

டிவியில் 'இடுக்கிக்கு சிவப்பு' என்று ஓடும்போது நாங்கள் வெயிலில் நின்று சர்க்கரை காய்ச்சிக்கொண்டிருப்போம். பள்ளிக்கூடம் லீவு. ஜீப்காரர்களுக்குச் சவாரி இல்லை, அறைகளெல்லாம் ரத்து. வருஷா வருஷம் இப்படியே நடப்பதால் எங்கள் ஆட்கள் எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. நாளைக்கு நிஜமாகவே எங்கள் ஓடையில் வெள்ளம் வந்தால்கூட யாரும் நம்பமாட்டார்கள். அதுதான் எனக்குப் பயம்.

செய்திமேசை (தேனி)

கேட்டதால் சொல்கிறேன். நான் ஒரு தமிழ் நாளிதழில் மாவட்டப் பக்கம் பார்ப்பவன். எங்களுக்கு வரும் அறிவிப்பிலேயே முதல் வரியில் நிறமும் மாவட்டப் பெயரும்தான் இருக்கும். மில்லிமீட்டர் வரம்பு கீழே எங்கேயோ கிடக்கும். அந்தக் கணக்கும் காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை. அது பேப்பர் அடிக்கும் நேரத்தோடு ஒத்துவராது. நான் ராத்திரி பக்கம் முடிக்கும்போது கையில் இருப்பது அன்று காலை எடுத்த கணக்கு.

இன்னொன்று, எண் நிறைய போட்டால் வாசகர் தாண்டிப் போய்விடுவார். இது பல வருஷமாக மேசையில் சொல்லிக்கொடுக்கப்படுகிற விஷயம். எஸ்டேட்டுக்காரர்கள் வைத்திருக்கிற மழைமானிக் கணக்கு அரசாங்கக் கணக்கும் இல்லை. அதைப் போட்டு நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் யார் பொறுப்பு?

குமுளி ஏலம்

சார், எண் போட்டால் வாசகர் தாண்டிப் போவார் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் பேப்பரிலேயே தினமும் முல்லைப்பெரியாறு நீர்மட்டம் வருகிறது. இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை, வைகை இத்தனை அடி. கம்பத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் முதல் பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னால் அதைத்தான் தேடுவார். 136, 142, 152 என்று சொன்னால் இந்தப்பக்கம் கேரளத்திலும் அந்தப்பக்கம் தேனியிலும் சின்னப் பிள்ளைக்குக்கூட அர்த்தம் தெரியும். 142 அடிவரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன நாளிலிருந்து அரை அடி ஏறினாலே ஊரே பேசுகிறது.

சனங்களுக்கு எண் புரியாமல் இல்லை. எந்த எண்ணில் தங்கள் பிழைப்பு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அவர்களே கேட்டு வாங்கிப் படிப்பார்கள். அணைக்குள் தேங்கிய தண்ணீருக்குக் கொடுக்கிற இடத்தில் கால்வாசியை, மலை மண்ணுக்குள் தேங்கிய தண்ணீருக்குக் கொடுங்கள்.

கொழுந்துக்கூடை

குமுளி அண்ணே, மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டீர்கள்.

செய்திமேசை சார், எண் வறட்டுத்தனமாகத் தெரிந்தால் விளக்கிச் சொல்ல வழி இருக்கிறது. ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் கொஞ்சம் கூடக்குறைய 4,047 சதுர மீட்டர். 600 மி.மீ. பெய்தால் ஒரு ஏக்கரில் மட்டும் 24 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி இருநூறு. இருநூறு லாரித் தண்ணீரை ஒரே நாளில் ஒரு ஏக்கர் சரிவில் கொட்டினால் என்ன ஆகும் என்று எந்த வாசகருக்கும் புரியும். அதற்கு மேலே எத்தனை ஏக்கர் மலை இருக்கிறது என்பதையும் அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

பெட்டிமுடி செய்திகளை நான் எடுத்து வைத்திருக்கிறேன். இடிந்த மறுநாள், ஆகஸ்ட் 7 சாயங்காலம், கோழிக்கோட்டில் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. அதுவும் பெரிய துயரம், அதில் போன உயிரும் உயிர்தான். ஆனால் அந்த ராத்திரியே கேமராக்கள் எல்லாம் அங்கே திரும்பிவிட்டன. மாநில அரசு விமான விபத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம், பெட்டிமுடிக்கு ஐந்து லட்சம் என்று அறிவித்தது. அந்த வித்தியாசத்தை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

பிறகு சில நாள் கழித்து எல்லாச் சேனலும் திரும்ப வந்தன. எதற்கு? குவி என்ற நாய்க்காக. தன்னோடு விளையாடிய இரண்டு வயசுக் குழந்தையின் உடல் கிடந்த இடத்தை அது காட்டிக்கொடுத்தது. அழாமல் பார்க்க முடியாது, நானும் அழுதேன். ஆனால் அந்த மழையின் கணக்கை, அந்தச் சரிவின் கதையை, அதே அக்கறையோடு யார் சொன்னார்கள்? 2024 நிலச்சரிவில், வயநாட்டு முண்டக்கை, சூரல்மலையில் முந்நூறை ஒட்டி உயிர்கள் போனபோதும் ஒரு பாட்டியும் பேத்தியும் யானைக்குப் பக்கத்தில் விடிய விடிய இருந்த கதைதான் நாடு முழுக்க ஓடியது.

சென்சார்_தம்பி (பீர்மேடு)

நான் மின்னணுவியல் படிக்கிறேன், இந்த விஷயத்தைக் கொஞ்சநாளாகவே பின்தொடர்கிறேன். நிலச்சரிவைச் சொல்ல நம்மிடம் தொழில்நுட்பமே இல்லை என்ற மாதிரி ஒரு பக்கம் செய்தி வருகிறது. இன்னொரு பக்கம் செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடும் என்று வருகிறது. இரண்டுமே சரியில்லை.

மூணாறு அந்தோணியார் காலனியில் 2005-ல் சரிவு வந்தது நிறைய பேருக்கு நினைவிருக்கும். அங்கே அமிர்தா பல்கலைக்கழகம் நிலத்துக்குள் உணரிகள் இறக்கி, 2009-லிருந்து கம்பியில்லா வலைப்பின்னல் ஒன்றை நடத்திக்கொண்டிருக்கிறது. துளைபோட்டு, குழாய் இறக்கி, அதற்குள் மண்துளைகளில் இருக்கிற தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் கருவியையும் சாய்வை அளக்கும் கருவியையும் வைக்கிறார்கள். சரிவுக்கு அந்த அழுத்தம்தான் முக்கியமான காரணம். மழைநீர் இறங்க இறங்க மண் துகள்களுக்கு இடையில் இருக்கிற தண்ணீர் அவற்றைப் பிரித்துத் தள்ளும், ஒன்றையொன்று பிடித்திருக்கிற பிடி தளர்ந்துவிடும். அதனால் ஒரு நாள் மழை மட்டும் பார்த்தால் போதாது. முந்தின நாட்களில் எவ்வளவு உள்ளே இறங்கியது என்றும் பார்க்கவேண்டும். நிற எச்சரிக்கையில் அது இல்லை. அந்த நிறம் வரப்போகிற 24 மணி நேரத்து மழையை மட்டும்தான் சொல்கிறது.

ஆனால் ஒரு காலனிக்கு உணரி வைத்தால் அந்த ஒரு காலனிக்குத்தான் தெரியும். எல்லா மலையிலும் துளைபோட முடியாது.

வயநாட்டில் நடந்தது இன்னும் பெரிய பாடம். சரிவு நடந்த 2024 ஜூலை 30-க்கு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் சோதனை முன்னறிவிப்பு வயநாட்டுக்குப் பச்சை, அதாவது ஆபத்து குறைவு என்று காட்டியது. வானிலை மையம் ஆரஞ்சு. அதே சமயம் கல்பற்றாவில் இருக்கிற ஹியூம் சூழலியல் மையம் தோட்டங்களிலும் வீடுகளிலும் சாதாரண மழைமானிகளை வைத்து, உள்ளூர் ஆட்களிடம் தினமும் கணக்கு வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் புத்துமலையில் மழை கட்டுமீறிப் போவது அவர்கள் எண்ணில் தெரிந்தது. மாவட்ட நிர்வாகத்துக்கு முந்தின நாளே சொல்லியும்விட்டார்கள். கோடிக்கணக்கில் செலவான மாதிரிகள் பச்சையும் ஆரஞ்சும் காட்டிய நேரத்தில், புனலும் குடுவையும் வைத்திருந்த ஆட்கள்தான் சரியாகச் சொன்னார்கள். ஒரு மாதம் முழுக்கத் தலைப்புச் செய்தியாக ஓடியிருக்கவேண்டிய விஷயம் இது.

குமுளி ஏலம்

அந்த வாரம் தலைப்புச் செய்தியாக ஓடியது வேறு. ஜூலை 31 அன்று மாநிலங்களவையில் உள்துறை அமைச்சர் அமித் ஷா, முன்கூட்டியே எச்சரித்தோம் என்றார். அன்றைய கேரள முதல்வர் பினராயி விஜயன், சிவப்பு எச்சரிக்கை விபத்துக்குப் பிறகுதான் வந்தது என்றார். எல்லாச் சேனலிலும் இரண்டு கட்சி ஆட்கள் உட்கார்ந்து யார் சொன்னது பொய் என்று ராத்திரி முழுக்கச் சண்டை. எச்சரிக்கை என்றால் என்ன, எந்த அளவுக்கு எந்த நிறம் என்று ஒரு ஐந்து நிமிஷம் வானிலை தெரிந்த ஒருவரைப் பேசவிட்டிருந்தால் அந்தச் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்திருக்கும்.

ஓய்வு_சூப்பர்வைசர்

பிள்ளைகள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். மழைமானி பற்றிச் சொல்லவேண்டியது என் கடமை, ஏனென்றால் எஸ்டேட்டில் பல வருஷம் அதைப் பார்த்தவன் நான்.

எங்கள் காலத்தில் இருந்தது ஐந்து இஞ்சு வாய் உள்ள பழைய சைமன்ஸ் மானி. மேலே புனல், உள்ளே கண்ணாடிக் குடுவை, வெளியே ஒரு உருளை. காலையில் மஸ்டருக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு) முன்னால் ஆபீஸ் பக்கத்துப் புல்வெளியில் போய்க் குடுவையை எடுத்து, கோடு போட்ட அளவுக் கண்ணாடியில் ஊற்றி, குனிந்து, தண்ணீரின் வளைவுக்குக் கீழ்விளிம்பைப் பார்த்துக் குறிக்கவேண்டும். ஆனியாடி மழையில் குடுவை நிரம்பி வெளி உருளையில் வழிந்திருக்கும், அதையும் அளந்து கூட்டவேண்டும். புதுப் பையன்கள் அதைக் கொட்டிவிடுவார்கள். அப்புறம் பேரேட்டில் எழுதுவோம். நாங்கள் இஞ்சுக் கணக்குதான் பேசுவோம், 'நேத்து நாலு இஞ்சு' என்றால் லயனில் எல்லாருக்கும் புரியும். ஒரு இஞ்சு 25.4 மி.மீ.

இந்தக் கணக்கு எதற்கென்று கேட்டால், கொழுந்துக்கு. எப்போது உரம் போடுவது, எந்த வயலை எப்போது கிள்ளுவது என்பதற்கு. மனுஷன் உயிரைக் காப்பாற்ற என்று யாரும் வைக்கவில்லை. ஆனாலும் நூறு வருஷத்துக் கணக்கு இந்த மலையில் எங்கெங்கோ பேரேடுகளில் இருக்கிறது. 1924-ல், கொல்லம் ஆண்டு 1099-ல், 'தொண்ணூத்தொம்பது வெள்ளம்' வந்து மூணாறு ரயில்பாதையையே அடித்துக்கொண்டு போனது. அந்தக் கதையைப் பெரியவர்கள் இஞ்சுக் கணக்கோடுதான் சொல்வார்கள்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மானியைப் பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு தடவை, காலையில். பெட்டிமுடி இறங்கியது ராத்திரி பத்தே முக்காலுக்கு. காலைக் கணக்கு மறுநாள் பேப்பருக்கு உதவும், அந்த ராத்திரிக்கு உதவாது.

லயன்மகன்

அண்ணாச்சி சொன்னதுக்கு மேல் நான் ஒன்று கேட்கிறேன். கோபமாக எழுதினால் மன்னிக்கவேண்டாம், கோபம் நிஜம்தான்.

மில்லிமீட்டர் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ராத்திரி 300 பெய்துவிட்டது என்று போனில் வந்துவிட்டது. எங்கே போவது? லயன் வீடு கம்பெனி வீடு. வேலை இருக்கிறவரை வீடு. நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கயத்தாறிலிருந்தும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்தும் வந்து இங்கே கிடக்கிறோம், நிலம் என்று ஒரு செண்டு கிடையாது. ஓடைக்கரையில் தட்டையான இடம் எங்கே இருந்ததோ அங்கே வெள்ளைக்காரன் காலத்தில் வரிசையாகக் கட்டினான், அது அப்படியே நிற்கிறது. பெட்டிமுடியில் வீடு இழந்தவர்களுக்குக் குட்டியாறு பள்ளத்தாக்கில் வீடு கட்டிக்கொடுத்தார்கள், நல்லது. மற்ற லயன்களில் இருக்கிறவர்கள்? எச்சரிக்கை வருகிற ஒவ்வொரு ராத்திரியும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், காலையில் ஏழரைக்குக் கொழுந்துக்கு நிற்கவேண்டும். போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை.

எந்த லயன் ஆபத்தான இடத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடச்சொல்லுங்கள் உங்கள் பேப்பரில். எனக்கு அதுதான் செய்தி.

செய்திமேசை (தேனி)

தம்பி, மன்னிப்பே தேவையில்லை. அது பெரிய செய்தி, ஒரு நாளில் முடியாது, ஆனால் எடுக்கவேண்டியதுதான். கேரளத்தில் நிலச்சரிவு அபாய வரைபடங்கள் அரசாங்கத்திடம் இருக்கின்றன. அவற்றின் மேல் லயன்களைக் குறித்துப் பார்த்தால் உன் பட்டியல் கிடைத்துவிடும். யாராவது வரைபட மென்பொருள் தெரிந்தவர்கள் உதவினால் நான் ஆசிரியரிடம் பேசுகிறேன்.

குமுளிக்காரர் சொன்ன அணை உதாரணம் என்னை யோசிக்கவைத்தது. அந்தப் பெட்டிக்குக் கீழே இரண்டு வரி சேர்ப்பது பக்க வடிவமைப்பில் பெரிய வேலை இல்லை.

கொழுந்துக்கூடை

லயன்மகன் சொல்வதில் ஒரு வார்த்தைகூட மாற்ற முடியாது. ஆனால் வீடு கிடைக்கிறவரை மழை காத்திருக்காது, அதனால் இரண்டையும் கேட்போம்.

ராத்திரி விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜனவரியில் கேரளத்தில் கவசம் என்ற பெயரில் அபாயச் சங்குகளை நிறுவும் திட்டத்தைத் தொடங்கினார்கள். போனில் பெருஞ்சத்தத்தோடு வருகிற எச்சரிக்கைச் செய்தியையும் சோதித்துப் பார்த்தார்கள். என் அம்மா போனில் ஒரு தடவை வந்தது மலையாளத்தில் இருந்தது. அம்மா மலையாளம் நன்றாகப் பேசுவார், எழுத்து தெரியாது. என்னைக் கூப்பிட்டுக் காட்டி, 'பேங்க்காரன் ஏதாவது அனுப்பியிருக்கானா பாரு' என்றார். எங்கள் லயனில் அந்த வயசுக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். தமிழிலும் வரவேண்டும், முடிந்தால் குரலாக வரவேண்டும்.

அதைவிட முக்கியம், பெட்டிமுடி அன்றைக்குக் கரண்ட் இல்லை, டவரும் இல்லை. உருள் பொட்டியது, அதாவது மலை சரிந்தது, வெளியே தெரிந்ததே மறுநாள் காலையில்தான். பெரியவாரைத் தற்காலிகப் பாலமும் போய்விட்டதால் வண்டிகள் சுற்றித் திணறின. மழை வலுக்கிற அன்றைக்குத்தான் போன் சாகும். போனை மட்டும் நம்பிச் செய்கிற எந்த ஏற்பாட்டையும் தொழில்நுட்பச் சாதனை என்று எழுதுகிற செய்தியாளர், ஆடி மாசம் ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் தங்கிவிட்டு எழுதட்டும். சாப்பாடு என் பொறுப்பு.

சென்சார்_தம்பி (பீர்மேடு)

அக்கா, தானியங்கி மழைமானி ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. உள்ளே சின்னக் கரண்டி மாதிரி இரண்டு கிண்ணம், ஒன்று நிறைந்தால் சாய்ந்து கொட்டும், ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு துடிப்பு பதிவாகும். சின்ன சோலார் பலகையும் பேட்டரியும் போதும். டவர் இல்லாவிட்டாலும் குறைந்த சக்தி வானொலிக் கருவியில் சில கிலோமீட்டர் அனுப்பலாம், முகட்டில் ஒரு இடைநிலையம் வைத்தால் மறுபக்கமும் போகும். எங்கே அனுப்புவது, ராத்திரி யார் விழித்திருப்பார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஓய்வு_சூப்பர்வைசர்

தம்பி, ஃபேக்டரிக்கு அனுப்பு. சீசனில் ராத்திரி ஷிப்டு ஓடும், ஆள் இருக்கும். ஜெனரேட்டர் இருக்கிறது, கரண்ட் போனாலும் ஓடும். அப்புறம் ஃபேக்டரிச் சங்கு இருக்கிறது. காலையிலும் மதியமும் ஊதுகிற அதே சங்கு. காற்று இந்தப்பக்கம் அடித்தால் எஸ்டேட்டில் மூன்று டிவிஷனுக்கு (பிரிவுக்கு) கேட்கும். நடு ராத்திரியில் அது ஊதினால் லயனில் ஒருத்தரும் படுத்திருக்கமாட்டார்கள், அதற்கு எந்தப் பாஷையும் தெரியவேண்டியதில்லை. ஃபேக்டரியிலிருந்து தூரத்தில் தனியாக இருக்கிற டிவிஷன்களுக்குக் கேட்காது, அங்கே தனிச் சங்கு வைக்கவேண்டும். பெட்டிமுடி அப்படிப்பட்ட இடம்தான்.

எந்த அளவுக்கு ஊதுவது என்று முன்னாலேயே முடிவு பண்ணி எழுதி ஒட்டிவிடவேண்டும். ராத்திரியில் ஷிப்டுக்காரன் மேனேஜரைக் கேட்டு, அவர் பெரியவரைக் கேட்டு என்று போனால் நடக்காது.

மறையூர்க்காரன்

எங்கள் பக்கத்துக்கும் ஒரு மானி போடுங்கள். மழை இல்லை என்பதையும் எண்ணாக எழுதுங்கள். மறையூர் 0, ராஜமலை 180 என்று ஒரே பெட்டியில் வந்தால் எங்கள் ஆளுக்கும் நம்பிக்கை வரும், சுற்றுலாவுக்கு வருகிறவருக்கும் எந்தப் பக்கம் போகக்கூடாது என்று தெரியும்.

செய்திமேசை (தேனி)

அப்படியானால் இப்போதைக்கு என்னால் முடிந்தது இது. நீர்மட்டப் பெட்டிக்குக் கீழே இடத்தின் பெயர், நேற்றைய மழை, மூன்று நாள் மழை, ஜூன் 1 முதல் சேர்ந்தது என நான்கு பத்தி. அரசாங்கக் கணக்கு இல்லை, தோட்டத்து மானிக் கணக்கு என்று அடியில் தெளிவாகப் போட்டுவிடலாம். தினமும் காலை எட்டரைக்குள் எண் அனுப்பக்கூடியவர்கள் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள். எந்த வகை மானி, எங்கே வைத்திருக்கிறீர்கள், பக்கத்தில் மரமோ கூரையோ இருக்கிறதா என்று ஒரு படமும் வேண்டும்.

ஓய்வு_சூப்பர்வைசர்

மூன்று நாளோடு ஏழு நாளும் சேருங்கள் சார். மானியைத் திறந்தவெளியில் வைக்கச்சொல்லுங்கள், பக்கத்தில் இருக்கிற மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி. எனக்குத் தெரிந்த எஸ்டேட் கண்டக்டர்மார் (தோட்ட மேற்பார்வையாளர்கள்) நான்கு பேரிடம் இன்றைக்குச் சாயங்காலம் பேசுகிறேன். தேவிகுளம் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? அங்கே எனக்கு ஆள் இல்லை.